காலையில் கிழவி, மத்தியானம் குமரி

முதலில் வலித்தது இடுப்புகூட இல்லை. வலது புட்டத்துக்குள், எலும்பை ஒட்டி, ஆழத்தில் எங்கோ வலித்தது. விடிவதற்குச் சற்று முன்பு அந்த வலிதான் என்னை எழுப்பியது. புரண்டு படுக்கப் பார்த்தேன், முடியவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்து, உடம்பை அரிசி மூட்டை மாதிரி உருட்டித்தான் எழுந்தேன். செல்லூரில் ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். மூட்டை உருட்டுவது பழக்கம்தான், ஆனால் அன்றைக்கு மூட்டையே நான்தான்.

சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரம் கழுவி, இரண்டு வயதுக் குழந்தையைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் வலி இளகிவிட்டது. கடை திறந்து நாலு பேருக்கு அரிசி போட்டபோது வலி இருந்த இடமே தெரியவில்லை. அடுத்த வாரம் அதே வலி இடது பக்கம் வந்தது. பிறகு மறுபடி வலது பக்கம் போனது.

இப்படிக் காலையில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. ஏழு வருஷ அலைச்சலில் கோபம்தான் மிச்சம். அந்தக் கோபத்துக்கு நடுவே உங்களுக்கு உபயோகமான விஷயம் கொஞ்சம் இருக்கிறது, அதற்காகப் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வீடு ஆனையூரில். கணவர் முருகேசன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பக்கத்துப் போர்ஷனில் அவருடைய அக்கா பேச்சியம்மாள். மதினி என்று கூப்பிடுவேன். என் வலிக்கு முதல் தீர்ப்பு எழுதியது அவர்தான். காலையில் வாசல் கூட்டக் குனிய முடியாமல் நிற்கிறேன், மத்தியானம் கடையில் மூட்டை பிரித்துக் கொட்டுகிறேன். அப்படியென்றால் காலையில் இருப்பது வலி அல்ல, சோம்பல். இதுதான் அவர் கட்சி. அதை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"காலையில கெழவி, மத்தியானம் கொமரி. இது என்னா நோயின்னு எந்த டாக்டரு சொல்லுவான்?"

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேள்வி சரியான கேள்வி. அந்த ஒரு வரியை ஒரு வாதநோய் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சொல்லியிருந்தால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். என் நோயின் முக்கிய அடையாளமே அதுதான். மதினி அதை வசவாகச் சொன்னார், நானும் வசவாகவே வாங்கிக்கொண்டேன்.

சோம்பல் என்ற தீர்ப்பு கொஞ்ச நாளில் திருத்தப்பட்டது. வலி உண்மை, ஆனால் காரணம் ஊசி என்றார்கள். எங்கள் பக்கம் பிள்ளை பெற்ற பெண் இடுப்பு வலி என்று சொன்னால் யாரும் எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று கேட்க மாட்டார்கள். "தண்டுவடத்துல ஊசி போட்டாங்களா?" என்பார்கள். ஆமாம் என்றால் விசாரணை முடிந்தது. அந்த ஊசி (ஆபரேஷனுக்காக இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது) குத்திய இடத்தில் சில நாள் வலிக்கலாம். வருஷக்கணக்கில் புட்டத்தில் இடமும் வலமும் மாறி மாறி வலிக்க அதனால் ஆகாது. இது எனக்கு ஏழு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

எனக்கு அந்த ஊசி போட்டது என் மகள் யாழினி பிறந்தபோது. வயிற்றில் அவள் தலை கீழே திரும்பவில்லை, கால்தான் கீழே இருந்தது. அதனால் ஆபரேஷன், அதனால் ஊசி. இதோடு கதை முடிந்திருந்தால் பரவாயில்லை. கால் முன்னால் வந்து பிறந்த பிள்ளை உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. பிடித்துக்கொண்ட ஆள் குப்புறப் படுக்க வேண்டும், பிள்ளை வந்து வலிக்கிற இடத்தில் மூன்று தரம் காலால் உதைக்க வேண்டும். கத்தி வைத்து எடுத்த பிள்ளைக்கு இது பொருந்துமா என்று யாரோ கேட்டதற்கு, மொதல்ல வெளிய வந்தது காலுதானே என்று மதினி முடித்துவிட்டார்.

யாழினிக்கு நான்கு வயது ஆனபோது எங்கள் வீட்டு வாசல் நடை ஒரு வைத்தியசாலை ஆகியிருந்தது. தண்ணீர்க் குடம் தூக்கிப் பிடித்துக்கொண்டவர்கள், பைக்கில் பள்ளத்தில் இறங்கிப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் வந்து குப்புறப் படுத்தார்கள். பெரும்பாலும் சரியாகிவிட்டது. குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். சாதாரணப் பிடிப்பு நாலு நாளில் தானாக விட்டுவிடும், ஆனால் பேர் குருவிக்குப் போனது. வருகிறவர்கள் பிஸ்கட் பாக்கெட்டும் வாழைப்பழமும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஒவ்வொருவருக்கும் மதினி அந்தப் பிறப்புக் கதையைச் சொல்வார். வயிற்றில் திரும்பாமல் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள், அதனால் கத்தி வைத்தார்கள், அதனால் ஊசி போட்டார்கள், அதனால் இவள் ஆத்தாளுக்கு இடுப்பு போனது. கெடுத்த காலே சரி பண்ணட்டும் என்று சிரிப்பார். பிறகு என்னையும் படுக்கச் சொல்வார். பள்ளிக்கூட யூனிஃபார்மில், ரெட்டைச் சடையோடு, பிள்ளை வந்து என் முதுகில் உதைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடும். நானும் படுத்தேன். காலை நேரத்தில் ஒரு சண்டை மிச்சம் என்றுதான் படுத்தேன்.

நடுவில் ஒரு எலும்பு மருத்துவரிடம் போனோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் ஒருமுறை காட்டிவிட்டு, எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். எடையைக் குறைக்கச் சொன்னார், இடுப்புக்கு பெல்ட் எழுதினார், இரண்டு வாரம் படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார். காலையில் கூடுதலா, மாலையில் கூடுதலா என்று அவரும் கேட்கவில்லை. அறைக்குள் இருந்த நேரத்தில் பாதி அவர் போனில் பேசினார்.

அவர் சொன்னபடி படுத்தேன். படுக்கப் படுக்க உடம்பு பலகையாகிக்கொண்டே வந்தது. தும்மினால் விலா எலும்பில் குத்தியது. வேலைக்குப் போன நாட்களில் ஒரு மணி நேரத்தில் விட்ட இறுக்கம், படுத்திருந்த நாட்களில் மத்தியானம் வரைக்கும் விடவில்லை. இதைப் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஓய்வெடுத்தால் வலி கூடுகிறது என்று சொன்ன என்னை முருகேசனே ஒரு மாதிரி பார்த்தார். மதினியோ, படுத்துத் தின்று ருசி கண்டுவிட்டாள் என்றார்.

அறிவுரை சொல்ல வந்தவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உருளைக்கிழங்கு வாயு, அதை விடு. தரையில் படு. மெத்தையில் படு. மனசுதான் காரணம், சந்தோஷமாக இரு. இந்தக் கடைசி ஆளைத்தான் எனக்கு அறையத் தோன்றும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவர்களுக்கு வந்தாலும் தெரியாது என்று நினைக்கிறேன்.

நோய் கடைசியில் கண்ணில்தான் தன்னைக் காட்டிக்கொடுத்தது.

ஒரு நாள் இடது கண் செக்கச்செவேலென்று சிவந்தது. வெளிச்சம் பட்டால் ஊசி குத்துகிற மாதிரி வலி. மெட்ராஸ் ஐ என்று எல்லாரும் சொன்னார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். செல்லூரில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தெரு அது. கூலிங் கிளாஸ் போட்ட மகாராணி என்று வரிசையில் நின்ற ஒருவர் சொன்னது கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. கண் தானாகச் சரியாகவில்லை, பார்வை புகைபிடித்த மாதிரி மங்க ஆரம்பித்தது. பயந்துபோய் முருகேசனே ஆட்டோவில் ஏற்றிக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

கண்ணைப் பரிசோதித்தவர் ஒரு இளம் பெண் மருத்துவர். இது ஒட்டுவாரொட்டிக் கண்வலி இல்லை, யுவியைட்டிஸ் (கண்ணுக்குள் இருக்கும் நடுப்படலத்தின் வீக்கம்) என்றார். சொட்டு மருந்து எழுதிக்கொண்டே, கண்ணுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்டார்.

"காலையில எந்திரிக்கும்போது முதுகு கட்டிக்கிட்ட மாதிரி இருக்குமாம்மா? நடந்தா சரியாகுமா?"

எனக்கு நன்றி தோன்றவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஏழு வருஷமாக முதுகைப் பார்த்தவர்கள் யாரும் கேட்காததை, கண்ணைப் பார்க்கிறவர் கேட்கிறார். முருகேசன்தான் ஆமாம் மேடம் என்றார். அதுவரைக்கும் அவர் அதை நம்பினாரா என்றே எனக்குத் தெரியாது.

அங்கிருந்து வாதநோய் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் என்னைக் குனியச் சொன்னார், பக்கவாட்டில் சாயச் சொன்னார், சுவரில் குதிகால் ஒட்டி நிற்கச் சொல்லி என் பின்தலை சுவரைத் தொடுகிறதா என்று பார்த்தார். இரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுத்தார்கள். நோயின் பெயர் அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் (முதுகுத்தண்டின் மூட்டுகள் வீங்கி, கவனிக்காமல் விட்டால் எலும்போடு எலும்பு ஒட்டிக்கொள்ளும் வாதம்). உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த மூட்டுகளையே தாக்குகிறது. தொடங்குவது சாக்ரோ இலியாக் மூட்டில் (முதுகுத்தண்டின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் இடம்). எனக்குப் புட்டத்தில் வலித்தது அதனால்தான். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகும். பெண்களுக்கு இந்த நோய் வராது என்று ஒரு காலத்தில் நினைத்ததால் பலருக்குத் தாமதமாகவே கண்டுபிடிக்கிறார்கள் என்றார்.

எனக்கு வலது பக்க மூட்டு ஓரளவு ஒட்டிவிட்டது. அது இனிப் பிரியாது. வலியைக் குறைக்கலாம், மற்ற இடங்கள் ஒட்டாமல் தடுக்கப் பார்க்கலாம். போனது போனதுதான்.

வீட்டில் யாருக்காவது கூன் இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். என் அப்பா நினைவுக்கு வந்தார். டி. கல்லுப்பட்டிப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர். ஐம்பது வயதுக்குள் வில்லாக வளைந்துவிட்டார். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பிப் பார்ப்பார். வாழ்நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்த முதுகு அப்படித்தான் ஆகும் என்று ஊர் நினைத்தது, நாங்களும் நினைத்தோம். கூலிக்காரன் முதுகு வளைந்திருந்தால் ஏன் என்று எவன் கேட்பான்? அப்பா செத்துப் பல வருஷம் ஆகிறது. அவரை யாரும் சுவரில் சாய்த்து நிற்க வைத்துப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து, இது ஊசியினால் வந்த வலி இல்லை என்று சொன்னேன். மதினிக்கு அதற்கும் ஒரு வழி கிடைத்துவிட்டது.

"அப்ப ஒங்க வீட்டு வழி. எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் கூன் கெடையாது."

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் எரிச்சல்.

மறுநாள் சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். யாழினி என் பின்னாலேயே வந்து கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஏதோ கேட்க வந்தவள் மாதிரி இருந்தது. என்னடி என்றேன்.

"நான் மெதுவாத்தாம்மா உதைச்சேன். அத்தை வேகமா உதைக்கச் சொல்லும். ஒனக்கு வலிக்குமேன்னு மெதுவா உதைச்சேன். அதான் சரியாகலையா?"

ஐந்து வருஷமாக இந்தப் பிள்ளை இதைச் சுமந்திருக்கிறது. வயிற்றில் திரும்பாமல் இருந்து அம்மாவின் இடுப்பைக் கெடுத்தது தான்தான், உதைத்துச் சரிபண்ணும் சக்தி இருந்தும் பயந்துபோய் மெதுவாக உதைத்ததும் தான்தான். வருகிறவர்களுக்கெல்லாம் சரியாகிறது, அம்மாவுக்கு மட்டும் ஆகவில்லை. தினமும் பஸ்ஸில் உட்கார்ந்து அவள் என்ன நினைத்துக்கொண்டு போயிருப்பாள்? எனக்கு அன்று வந்த ஆத்திரத்தில் மதினி எதிரில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நல்ல வேளை, துணிதான் எதிரில் இருந்தது.

குந்தி உட்கார எனக்கு வராது. அவளைத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்காரவைத்து, முகத்துக்கு நேரே சொன்னேன். நீ திரும்பாமல் இருந்ததால் வரவில்லை. ஊசியால் வரவில்லை. நீ வேகமாக உதைத்திருந்தாலும் போயிருக்காது. உன் காலுக்கும் என் முதுகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

சிகிச்சை தொடங்கியது. முதலில் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு, மருத்துவர் சொன்ன அளவில். கூடவே தினமும் உடற்பயிற்சி. மாத்திரை போதவில்லை. காசநோய் இருக்கிறதா என்று பரிசோதித்துவிட்டு, உயிரியல் மருந்து (வீக்கத்தைத் தூண்டும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தடுக்கும் ஊசி) ஆரம்பித்தார்கள். அதை நானே வயிற்றுச் சதையில் போட்டுக்கொள்கிறேன். ஊசியால் வந்த வலி என்று ஏழு வருஷம் சொன்ன வீட்டில், தயிருக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜில் ஊசி இருக்கிறது. இது எல்லாருக்கும் ஒத்துவரும் மருந்து இல்லை. கிருமித் தொற்று வரும் அபாயம் உண்டு, காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். என் மருந்தைக் கேட்டு நீங்கள் வாங்கிப் போடாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. உங்கள் வலி வேலை செய்தால் கூடி, படுத்தால் குறைகிறதா? பெரும்பாலான இடுப்பு வலி அந்த வகைதான், அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. படுத்தால் கூடி, நடந்தால் குறைகிறதா? விடியற்காலையில் எழுப்புகிறதா? இளம் வயதிலேயே தொடங்கி மாதக்கணக்கில் போகவில்லையா? அப்படியானால் வாதநோய் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தால் அவர் முடிக்கும்வரை காத்திருந்து சொல்லுங்கள். நான் எழுந்து வந்துவிட்டேன், அதன் பலன் என் வலது பக்கத்தில் ஒட்டிப்போய் இருக்கிறது.

மதினி மாறவில்லை. போன கோடையில், குடம் தூக்கிப் பிடித்துக்கொண்ட ஒரு அம்மாளைக் கூட்டிவந்து எங்கள் நடையில் படுக்கவைத்து யாழினியைக் கூப்பிட்டார். அவள் அறையிலிருந்து வெளியே வந்தாள். படுத்திருந்தவரைப் பார்த்தாள்.

"நான் உதைக்க மாட்டேன் அத்தை. எங்கம்மாவுக்குச் சரியாகல."

ஆத்தாளைப் போலவே வாய் என்றார் மதினி. சண்டையை நான் எடுத்துக்கொண்டேன். இனி இந்த வீட்டில் யாரும் குப்புறப் படுக்கக் கூடாது, என் பிள்ளையின் கால் அவள் நடப்பதற்கு மட்டும்தான் என்றேன். முருகேசன் அந்த அம்மாளைக் கைகொடுத்து எழுப்பி ஆட்டோவில் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அந்த அம்மாளுக்கு நாலு நாளில் பிடிப்பு விட்டுவிட்டதாம். மதினி என்னோடு பேசுவதில்லை. அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயம் பாக்கி இருந்தது. இந்த நோய்க்கான மரபுக்கூறு பிள்ளைகளுக்குப் போகலாம். போன எல்லாருக்கும் நோய் வருவதில்லை, பெரும்பாலானவர்களுக்கு வராது, பயந்து இப்போதே பரிசோதனை செய்ய வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். சொல்வதா வேண்டாமா என்று நான் பல நாள் மல்லுக்கட்டினேன். உன்னால் எனக்கு வரவில்லை என்று சொன்ன அதே வாயால், என்னால் உனக்கு வரலாம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் நான் சொல்லாவிட்டால் மதினி ஒரு நாள் சொல்வார், அவர் மாதிரியே சொல்வார். அதனால் நானே சொன்னேன். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை மூடாமலே கேட்டாள்.

"காலையில எந்திரிக்கையில வலிச்சா ஒன்கிட்ட சொல்லணும். அம்புட்டுதானே?"

"அம்புட்டுதான். நான் நம்புவேன்."

அவள் திரும்ப எழுதத் தொடங்கினாள்.

இப்போது எனக்குக் காலை என்பது ஒரு நேரம் இல்லை, ஒரு அளவு. இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைத்தான் மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். யாழினியும் பல் விளக்கிக்கொண்டே "இன்னைக்கு எம்புட்டு நேரம்மா?" என்று கேட்கிறாள். பழைய மாதிரி மத்தியானம் வரை போவதில்லை. பல நாள் காப்பி ஆறுவதற்குள் விட்டுவிடுகிறது. சில நாள் விடாது, அன்றைக்கு யாரும் என் எதிரில் வராமல் இருப்பது நல்லது. முழுக்கக் குனிய முடியாது. கடையில் அரிசியை இடுப்பு உயரத்துக்கு ஒரு டிரம்மில் கொட்டி வைத்து அள்ளிப் போடுகிறேன். வரிசையில் அதற்கும் பேச்சு வருகிறது, வரட்டும்.

கண் விழித்ததும் முன்பெல்லாம் என் முதுகைத்தான் கேட்பேன், இன்றைக்கு எழுவாயா மாட்டாயா என்று. இப்போது அப்படியே அசையாமல் படுத்திருந்து, பக்கத்துப் பாயில் மகள் எழுவதைப் பார்க்கிறேன். கையை ஊன்றுகிறாளா, பக்கவாட்டில் உருள்கிறாளா, ஒரு நொடி நின்று மூச்சு வாங்குகிறாளா என்று பார்க்கிறேன். அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் திட்டுவாள். அவள் எழுந்து நின்ற பிறகுதான் எனக்கு விடிகிறது.

இன்று காலை அலாரம் அடித்ததும் கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்ந்தாள், முடியை அள்ளிச் சுருட்டினாள், போர்வையை உதறிவிட்டுப் பல் விளக்கப் போனாள். பிறகு நான் கட்டில் சட்டத்தைப் பிடித்தேன்.